தள்ளப்பட்ட கன்றுக்குக் கடனாளி யார்?



நம்முடைய சபைக் குடும்பங்களில் அநேகர் வீட்டில் ஒரு பசுவாவது நிற்கிறது. சொசைட்டிக்குப் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற தாய்மார்கள் நம்மில் உண்டு. ஆகவே இந்த மாதம் மாட்டுத் தொழுவத்திலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கேட்கிறதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் யோசிக்க யோசிக்க அது நம்முடைய மனச்சாட்சியைத் தட்டுகிற கேள்வி.

பசு கன்று போட்டிருக்கிறது. கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடிப் போகிறது. தாயோ அதை நக்கவும் இல்லை, கிட்டே சேர்க்கவும் இல்லை. கால்மாற்றி உதைக்கிறது. கொம்பால் முட்டித் தள்ளுகிறது. கன்று விழுந்து, மறுபடியும் எழுந்து, மறுபடியும் அதே மடிக்குத்தான் போகிறது. சுற்றி நிற்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லுவார்கள்: "பெத்த தாய்க்கே வேண்டாம்னா, நாம என்னத்தைச் செய்ய?" அது காளைக்கன்றாக இருந்துவிட்டால் இன்னொரு வார்த்தையும் சேர்ந்துகொள்ளும்: "விடுங்க, காளைக்கன்னுதானே!"

இந்த வார்த்தை நியாயமா? தாய் செய்யாமல் விட்ட கடமை அடுத்தவனுக்குக் கடமை ஆகுமா? அந்தக் கன்றுக்குப் பால் கொடுப்பது தயவா, அல்லது நாம் பட்ட கடனா? தயவு என்றால் மனமிருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம். கடன் என்றால் அப்படி விட முடியாதே! இதைத்தான் நிதானித்துப் பார்க்கப்போகிறோம்.

தாய் குற்றவாளியா?

முதலாவது, தாயைத் திட்டுவதை நிறுத்துவோம். "ராட்சசி மாடு" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பசு கன்றைத் தள்ளுவது அதன் இயல்பு அல்ல. பெலிஸ்தர் கர்த்தருடைய பெட்டியைத் திருப்பி அனுப்பின சம்பவம் உங்களுக்குத் தெரியும் (1 சாமுவேல் 6). கறவைப் பசுக்கள் இரண்டை வண்டியில் பூட்டி, அவைகளின் கன்றுகளை வீட்டில் அடைத்துவைத்தார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? கன்றை விட்டுப் பசு தானாகப் போகாது, வீட்டுக்குத்தான் திரும்பும் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தப் பசுக்கள் பெத்ஷிமேசுக்குப் போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டேதான் போயின. தாயின் இயல்பு அது. அந்த இயல்பு மாறிப்போயிருக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

என்ன காரணம்? பெரும்பாலும் அது தலையீத்துக் கிடேரியாக இருக்கும். தனக்கு நேர்ந்தது என்னவென்றே அதற்கு விளங்கவில்லை. மடி வீங்கிக் கல்லுபோல இருக்கும், காம்பில் கன்றின் வாய் பட்டாலே உயிர்போகிற வலி. பிரசவம் கஷ்டப்பட்டு, கன்றை இழுத்து எடுத்திருப்பார்கள். மடிநோய் இருக்கலாம். ஈன்றவுடன் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எழும்ப முடியாமல் படுத்திருக்கலாம். இரட்டைக் கன்றாயிருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு மற்றதை மறுப்பதும் உண்டு. இன்னும் ஒன்று: பனிக்குடத்து நீரின் ஈரத்தோடும் வாசனையோடும் கன்றை நக்குகிற அந்த முதல் சில மணி நேரத்தில்தான் "இது என் கன்று" என்கிற பிணைப்பு பசுவுக்குள் உறுதிப்படுகிறது. அந்த நேரத்தில் கூட்டம் கூடி, சத்தம் போட்டு, நாயையும் உள்ளே விட்டு, கன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் துடைத்துக் கொண்டுவந்து விடுகிறவர்கள் யார்? நாம்தானே! பிறகு "தாய் சேர்க்கவில்லை" என்று தாய்மேல் பழி போடுகிறோம்.

எரேமியா 14-ஆம் அதிகாரத்தில் ஒரு பஞ்சகாலக் காட்சி வருகிறது. வெளியிலே குட்டி போட்ட பெண்மான், புல் இல்லாதபடியால் குட்டியை விட்டுப் போய்விடுகிறது. தீர்க்கதரிசி அந்த மானைக் கண்டிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "புல் இல்லை" என்று காரணத்தைச் சொல்லுகிறார். தள்ளுகிற தாயைப் பார்த்தால் நாமும் முதலில் கேட்கவேண்டியது, "இதற்கு எங்கே வலிக்கிறது?" என்பதுதான்.

ஆகையால் வலிக்கு வழி பாருங்கள். மடியில் வெந்நீர்த் துணி ஒற்றி, கொஞ்சம் பாலைக் கறந்துவிட்டால் இறுக்கம் குறையும். கன்றின் முதுகில் தவிடும் ஒரு சிட்டிகை உப்பும் தூவிவிட்டால், ருசிக்காக நக்கத் தொடங்கும் பசு சில சமயம் அப்படியே கன்றைச் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பசுவைக் கட்டி, தலையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்காலைக் கயிற்றால் அணைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் கன்றை ஊட்டவிட வேண்டும். அடிக்கக் கூடாது. அடி வாங்கின பசு, கன்றையும் அடியையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் பொறுமையாகச் செய்தால் சேர்த்துக்கொள்ளுகிற பசுக்கள் அநேகம்.

வயிற்றுக்குள் ஒரு கதவு

ஆனால் அந்த இரண்டு மூன்று நாள் கன்றுக்கு இல்லை. இங்கேதான் காரியம் இருக்கிறது.

மனுஷக் குழந்தை பிறக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வருகிறது. கன்றுக்கு அப்படி இல்லை. பசுவின் நச்சுக்கொடி அதை உள்ளே விடாது. ஆகவே கன்று அந்தச் சக்தி இல்லாமல்தான் இந்த உலகத்துக்கு வருகிறது. அதற்கு வேண்டிய எதிர்ப்புச் சக்தி முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. கெட்டியாக, மஞ்சளாக வருகிற அந்த முதல் பால்தான் கன்றுக்குக் கிடைக்கிற முதல் மருந்து.

அந்த மருந்துக்கும் நேரம் உண்டு. பிறந்த கன்றின் குடல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புப் பொருளை அப்படியே இரத்தத்துக்குள் விடும். முதல் நாலைந்து மணி நேரத்தில் அது நன்றாக உள்ளே போகும். மணி ஆக ஆகக் குறையும். சுமார் 24 மணி நேரத்தில் அந்தக் கதவு அடைபட்டுப்போகும். அதற்குப் பிறகு வாளி நிறையச் சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு ஆகாரமாகும், இரத்தத்துக்குள் போகாது. அப்படி விடுபட்ட கன்றுக்குத்தான் அடுத்த வாரம் கழிச்சல், அதற்கடுத்த வாரம் நெஞ்சுச் சளி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு போச்சு" என்பார்கள். உண்மையில் அது திடீரென்று போகவில்லை. பிறந்த அன்றைக்கே நாம் தாமதித்தோம்.

இதிலிருந்து ஒரு நியாயம் புரிகிறதல்லவா? "யார் குற்றம்?" என்று கேட்பது தவறல்ல. அது பசியாற்றின பிறகு கேட்கவேண்டிய கேள்வி. முதலில் பால், பிறகு பஞ்சாயத்து. நாம் திண்ணையில் உட்கார்ந்து தாயையும் சகுனத்தையும் விசாரித்துக்கொண்டிருக்கும்போது, தொழுவத்தில் அந்தச் சின்னக் குடலின் கதவு கொஞ்சங்கொஞ்சமாக அடைபட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்குச் செய்கிற இரக்கம், சில காரியங்களில், செய்யாத இரக்கம்தான்.

சிலர் கேட்பார்கள், "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் புறப்படுகிற நேரத்தில் பசு ஈன்று, கன்றைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது?" என்று. ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைத் தூக்கிவிடாதவன் உண்டோ என்று நம் ஆண்டவர் கேட்டது லூக்கா 14-இல் இருக்கிறது. கன்றுக்குச் சீம்பாலைக் கொடுத்துவிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள். முதல் பாட்டு போனால் போகட்டும். பிந்தி வந்தவரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இரக்கத்துக்கும் பழக்கம் வேண்டும்

நல்ல மனது மட்டும் இருந்தால் போதாது, பிரியமானவர்களே. பரிதாபப்பட்டு, கன்றின் வாயைப் பிளந்து, மூங்கில் கொட்டத்தில் பாலை மடமடவென்று ஊற்றுகிறவர்கள் உண்டு. பால் நுரையீரலுக்குள் போய்க் கன்று செத்துப்போகும். கொன்றது யார்? பரிதாபந்தான்!

ஆகவே செய்முறையைத் தெரிந்துகொள்ளுவோம். தாய் நக்காவிட்டால் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை எடுத்துவிட்டு, காய்ந்த வைக்கோலால் அல்லது சாக்கால் உடம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். தாயின் நாக்கு செய்கிற வேலை அதுதான், இரத்த ஓட்டமும் மூச்சும் அதனால் சீராகும். தொப்புளில் டிங்சர் அயோடின் தடவ வேண்டும். பிறகு தாயைக் கட்டி, சுத்தமான பாத்திரத்தில் சீம்பாலைக் கறந்து, சூடு ஆறுமுன் கொடுக்க வேண்டும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. 25 கிலோ கன்று என்றால் முதல் நாளில் இரண்டரை லிட்டர். அதில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். மீதியைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம்.

ரப்பர் காம்பு போட்ட புட்டி நல்லது. காம்பின் ஓட்டை சிறியதாக இருக்கட்டும். கன்று நின்றபடி, தாய்மடியில் ஊட்டுகிறதுபோலக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக் குடிக்க வேண்டும். அப்படிச் சப்பும்போது உள்ளே ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் வயிற்றுக்குக் கொண்டுபோகும். அது சரியாக மூடாவிட்டால் பால் முதல் வயிற்றுக்குள் போய்ப் புளித்துக் கெட்டுப்போகும். சப்பத் தெரியாத கன்றுக்குக் கழுவின விரலைப் பாலில் நனைத்து வாயில் கொடுங்கள். விரலைச் சப்பத் தொடங்கும்போது காம்பை மெதுவாக மாற்றிக் கொடுங்கள். சப்பவே பெலன் இல்லாத கன்றானால் ஊற்றாதேயுங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். இப்போது 1962 என்கிற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம்.

தாய்க்குச் சீம்பாலே இல்லையென்றால் பக்கத்து வீட்டில் அதே நாளில் ஈன்ற பசுவின் சீம்பாலைக் கேளுங்கள். மனஸ்தாபம் இருந்தாலும் கேளுங்கள்! முட்டையும் விளக்கெண்ணெயும் கலந்த பால் கொடுக்கிற வழக்கம் உண்டு. அது வயிற்றுக்குப் பிடிமானமாகும், ஆனால் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி அதில் கிடையாது.

நம்மில் பலருக்குச் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிச் சாப்பிடப் பிரியம். சாப்பிடட்டும். கன்று குடித்து மிஞ்சினதைச் சாப்பிடட்டும். கன்றின் பங்கை எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்து நல்ல பேர் வாங்குவது தானதர்மம் ஆகாது. வாயில்லாத ஜீவனுடையதை எடுத்து வாயுள்ளவர்களுக்குக் கொடுப்பது என்ன தர்மம்?

கன்றை வரவழைத்தது யார்?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். தாயே தள்ளின கன்றுக்கு நாம் ஏன் கடனாளிகள்?

"பக்கத்தில் நிற்கிறோம், அதனால்" என்று ஒரு பதில் உண்டு. அது நல்ல பதில்தான். நம்மைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால்கூட ஒதுங்கிப் போகாமல் உதவிசெய்ய வேண்டும் என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. கழுதை யாருடையது என்பதல்ல, பார்த்தது யார் என்பதே அங்கே கணக்கு.

ஆனால் கன்றின் காரியத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தக் கன்று எப்படி வந்தது? பசு கேட்டதா? பசு சினைப்பருவத்தில் கத்தினபோது ஆள் அனுப்பிச் சினை ஊசி போடச் சொன்னது நாம். மூன்றாம் மாதம் சினை நின்றதா என்று பார்க்கச் சொன்னது நாம். சுமார் 280 நாள் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்ததும் நாம். எதற்காக? பசு கன்று போட்டால்தான் பால் வரும். நமக்கு வேண்டியது பால், அதற்காக அந்தக் கன்று பிறந்தது. அப்படியானால் தாய்க்கு முன்னே அந்தக் கன்றை வேண்டுமென்று வரவழைத்தவர்கள் நாமல்லவா? "பெத்த தாய்க்கே வேண்டாம்னா" என்று சொல்ல யாருக்காவது உரிமை இருக்கலாம். பாலைக் கறந்து விற்கிறவனுக்கு அந்த உரிமை இல்லை. வரவழைத்தவனே கடனாளி.

இன்னும் ஒரு படி போவோம். கன்றைத் தள்ளுகிற பசு எப்போதாவது ஒன்றுதான். கன்றைத் தள்ளுகிற மனுஷன்? பிறக்கிற கன்றுகளில் ஏறக்குறையப் பாதி கிடேரி, பாதி காளை. ஆனால் 2019-இல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் எருமை நீங்கலாக இருந்த மாடுகள் சுமார் 19.25 கோடி. அதில் பெண் இனம் சுமார் 14.51 கோடி. காளை, எருது, காளைக்கன்று எல்லாம் சேர்த்தும் ஐந்து கோடி இல்லை. பாதியாகப் பிறந்தது கால்வாசியாகிவிட்டது. மீதி எங்கே? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, வண்டிக்கு லாரி வந்துவிட்டது, காளைக்கன்றுக்கு வேலை இல்லை. சில விற்கப்பட்டன. சில வெட்டுக்குப் போயின. சில தெருவில் விடப்பட்டன. சிலவற்றுக்கு முதல் வாரத்திலேயே பால் நிறுத்தப்பட்டது. அதை ஒருவரும் கொலை என்று சொல்லுவதில்லை. "தங்கல" என்பார்கள். அவ்வளவுதான்.

கன்று செத்துப்போன பிறகு நம் ஊர்களில் என்ன செய்வார்கள்? தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு, தாயின் முன்னே நிறுத்துவார்கள். பாவம், அது அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே பாலைச் சுரந்து கொடுக்கும். உயிரோடிருந்த கன்றுக்கு அரை லிட்டர் பால் கொடுக்க மனம் வராத வீட்டில்கூட, அதன் தோலுக்கு வைக்கோல் அடைக்க நேரம் கிடைக்கிறது. தொழுவத்தில் தள்ளினது பசுவா, நாமா?

"எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா?"

இப்படிச் சொல்லும்போது ஒரு சகோதரி கேட்கக்கூடும்: "ஐயா, மாட்டு லோன் தவணை இருக்கு, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். கன்னுக்கே பாலை ஊத்திட்டா சொசைட்டிக்கு எதை ஊத்த?" இது பேராசைக்காரர் கேட்கிற கேள்வி அல்ல. நாலு மணிக்கு எழும்பிச் சாணி அள்ளுகிறவர்கள் கேட்கிற கேள்வி. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாலைந்து நாள் பாலை எப்படியும் சொசைட்டியில் ஊற்ற முடியாது. சீம்பால் கலந்தால் காய்ச்சும்போது திரிந்துபோகும். ஆகவே உயிர் காக்கிற அந்தப் பாலில் உங்களுக்கு ஒரு பைசாவும் நஷ்டம் இல்லை. நஷ்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் அளவு கன்றுக்கு வேண்டும். பிறகு கன்றுத் தீவனமும் இளம்புல்லும் பழக்கிப் பாலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கலாம். நம்முடைய பெரியவர்கள் நாலு காம்பில் ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுக் கறந்தார்கள். அவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் அல்ல. கன்றின் பங்கு கன்றுக்கு என்று கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எட்டாம் நாளுக்கு முன்னே கன்றைத் தாயிடமிருந்து எடுக்கக் கூடாது என்று யாத்திராகமம் 22-இல் ஒரு கட்டளை உண்டு. பலிக்கென்று பிரிக்கப்பட்ட தலையீற்றுக்கே ஏழு நாள் தாய்ப்பால் பங்கு கொடுக்கப்பட்டிருக்கிறது!

காளைக்கன்றை ஆயுள் முழுதும் வைத்துக் காப்பாற்ற எல்லாராலும் கூடாது என்பதும் உண்மை. கிடேரிக் கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசி இப்போது வந்திருக்கிறது. முடிந்தவர்கள் மருத்துவரிடம் அதைக் கேட்கலாம். காளைக்கன்று வேண்டாமென்றால் அது வருமுன்னே யோசிப்பது யோக்கியம். வந்தபின் பட்டினிபோடுவது யோக்கியம் அல்ல. விற்பது என்று தீர்மானித்தாலும், அதுவரைக்கும் பசியோடு கட்டிப்போடாதிருங்கள். நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் பார்க்கிறவன் என்று நீதிமொழிகள் சொல்லுவதில், லாபம் தருகிற மிருகம் என்று பிரித்துச் சொல்லவில்லை.

நேரத்தோடே செய்தும் கன்று பிழைக்காமல் போகலாம். அப்போது மனம் உடைந்துபோகாதிருங்கள். பால் கொடுப்பது உங்கள் கடன். பிழைப்பது உங்கள் கையில் இல்லை.

தொட்டில் கேட்காத கேள்வி

"பெத்தவளுக்கே வேண்டாம்னா" என்கிற இதே வார்த்தை மனுஷப் பிள்ளைகளைக் குறித்தும் நம் நாட்டில் சொல்லப்பட்டது. பெண் குழந்தை என்பதற்காகப் பிறந்த அன்றைக்கே மாய்த்துவிடுகிற கொடுமை சில மாவட்டங்களில் நடந்தபோது, 1992-இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தொட்டிலை யோசித்துப் பாருங்கள். "யார் பெற்றது? ஏன் விட்டாய்? யார் குற்றம்?" என்று தொட்டில் கேட்கவில்லை. முதலில் வாங்கிக்கொண்டது. அந்தத் திட்டத்தைப்பற்றிப் பலவிதமான அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் விசாரணைக்கு முன்னே பால் என்கிற வரிசையை அது சரியாக வைத்தது.

கன்றும் குழந்தையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஆனால் நம்முடைய இருதயம் ஒன்றுதான். காளைக்கன்று என்று ஒரு ஜீவனைப் பட்டினிபோடப் பழகின கண், நாளைக்குப் பிரயோஜனமில்லாத கிழவனையும் வருமானமில்லாத தம்பியையும் அதே கண்ணால்தான் பார்க்கும். "இதனால் நமக்கு என்ன?" என்று கேட்டுக் கேட்டுப் பழகின வாய், தொழுவத்தோடு அந்தக் கேள்வியை நிறுத்தாது.

ஆகவே பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் சினைப்பசு நிற்குமானால், மாதம் நெருங்குகிற இந்த நாட்களிலே ஒரு ரப்பர் காம்பையும், ஒரு புட்டியையும், டிங்சர் அயோடினையும் வாங்கித் தொழுவத்து மாடத்தில் வைத்துவையுங்கள். நடு இரவில் தாய் கன்றைத் தள்ளினால் கடை திறந்திருக்காது. தாயின் வலியைப் பாருங்கள், கன்றின் பசியை ஆற்றுங்கள், இரண்டையும் மறுபடியும் சேர்த்துவைக்கப் பிரயாசப்படுங்கள். சேர்ந்துவிட்டால் சந்தோஷமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். சேராவிட்டால் காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் புட்டியோடு போய் நில்லுங்கள். காளையா கிடேரியா என்று பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். வரவழைத்தவர்கள் நாம், கடனும் நம்முடையது.